கொலு வீட்டுக்கு நாற்பது பேர்: பானகம், நீர்மோர், சுண்டலுக்குச் சரியான அளவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நவராத்திரி வந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் குறிப்பு வருகிறது. நல்ல குறிப்புகள்தான். ஆனால் அத்தனையும் நாலு பேருக்கு. கொலு வைத்த வீட்டுக்கு ஒரே மாலையில் முப்பது, நாற்பது பேர் வருகிறார்கள். வீட்டுக்காரர்கள் குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிவிடுகிறார்கள். கடலை பாதி குழைந்தும் பாதி விதையாகவும் கிடக்கிறது. பானகம் ஏழு மணிக்குள் தொண்டையைக் காறுகிறது. மோர் அடியில் கட்டியாகவும் மேலே தெளிந்த தண்ணீராகவும் பிரிந்து நிற்கிறது. சலித்துப்போய் மறுநாள் இரண்டு லிட்டர் கோலா பாட்டிலும் மிக்சர் பொட்டலமும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. அளவு கூடும்போது எது எவ்வளவு கூட வேண்டும், எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதை யாரும் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான். குறிப்பு வெளியிடும்போது எத்தனை பேருக்கு, எத்தனை லிட்டர் குக்கருக்கு, செய்தபின் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்குத் தெரிந்த கணக்கைக் கீழே தருகிறோம்.

முதலில், கொலு மாலை பந்தி அல்ல. ஐந்து மணிக்கு இரண்டு பேர், ஆறரைக்குப் பத்துப் பேர் ஒன்றாக, எட்டரைக்கு அலுவலகம் முடிந்து இன்னும் மூன்று பேர் என்று வருவார்கள். அவர்களில் பலர் அதே மாலையில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போக வேண்டியவர்கள். ஆளுக்கு 120 மில்லி பானமும் 70 கிராம் சுண்டலும் போதும். இதைவிடக் கூடக் கொடுத்தால் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு மீதி வைத்துவிடுகிறார்கள். பெரிய அண்டாவில் ஒரே தடவையாக எல்லாவற்றையும் கலந்து வைப்பதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். கெட்டியாகத் தயாரித்துக் குளிரில் வைத்துக்கொண்டு, பத்துப் பத்துப் பேருக்காகக் கலப்பதே சரி.

நாற்பது பேருக்கு இனிப்பாக ஒன்று, உப்பாக ஒன்று என இரண்டு பானம் வேண்டும். பானகம் 3 லிட்டர், நீர்மோர் 4 லிட்டர் வைத்தால் 120 மில்லி டம்ளரில் ஐம்பத்தெட்டு வரும். சிலர் இரண்டாவது டம்ளர் கேட்டாலும் தாராளமாக இருக்கும். மோரைக் கூட வைப்பதற்குக் காரணம் உண்டு. வருகிறவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். வெல்லமும் சர்க்கரைதான். கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. பழைய அளவில், தண்ணீர் லிட்டருக்கு 200 கிராம் வெல்லம் போட்டுச் செய்யும் பானகம் அதைவிட இனிப்பு. "வீட்டில் செய்தது, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிச் சர்க்கரை நோயாளிக்குப் பெரிய டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது தவறு. நாங்கள் சொல்லும் அளவில் 120 மில்லி டம்ளருக்கு 16 கிராம் வெல்லம் போகும். சுக்கும் எலுமிச்சையும் தூக்கிக் கொடுப்பதால் இனிப்பு குறைந்ததே தெரியாது.

3 லிட்டர் பானகத்துக்கு வெல்லம் 400 கிராம். கருத்த, பழுப்பேறிய வெல்லமே நல்லது. பளிச்சென்று மஞ்சளாக இருப்பதில் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைச் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். அரை லிட்டர் தண்ணீரில் வெல்லத்தைப் போட்டு ஒரு கொதி வரவிட்டு இறக்கி, பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, மேலாக எடுத்துத் துணியில் வடிகட்டவும். எவ்வளவு நல்ல வெல்லமாக இருந்தாலும் அடியில் மண்ணும் கரும்புச் சக்கையும் தங்கும். இந்தக் கரைசல் முக்கால் லிட்டர் வரும். காலையிலேயே செய்து, ஆறியபின் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். மாலையில் கணக்கு எளிது. ஒரு பங்கு கரைசலுக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர். பத்து டம்ளருக்கு 300 மில்லி கரைசல், 900 மில்லி தண்ணீர், ஒரு நடுத்தர எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு.

சுக்கை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். சுக்குப் பொடி கரையாது, அடியில் படியும். நேரம் ஆக ஆக அதன் காரமும் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் வந்தவருக்கு வெல்லத் தண்ணீரும் கடைசியில் வந்தவருக்குக் கஷாயமும் கிடைப்பது இதனால்தான். ஒன்றரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, பன்னிரண்டு ஏலக்காய் தட்டியது, அரைத் தேக்கரண்டி மிளகுத் தூள் மூன்றையும் சுத்தமான மெல்லிய துணியில் முடிந்து, வெல்லம் சூடாக இருக்கும்போதே உள்ளே போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பிழிந்து எடுத்துவிடவும். அதன்பின் எத்தனை மணி நேரம் ஆனாலும் காரம் ஏறாது. எலுமிச்சையைக் கரைசலில் சேர்க்கக் கூடாது. கலக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். சாறு பிழிந்து நேரமானாலும், விதையோடு அழுத்திப் பிழிந்தாலும் கசப்பு வந்துவிடும்.

பச்சைக் கற்பூரம் 3 லிட்டருக்குக் கடுகளவு. அதை நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் மேலே மிதந்து, யாரோ ஒருவர் டம்ளரில் மொத்தமாகப் போய்ச் சேரும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு வைத்து நன்றாக நுணுக்கி, அந்தச் சர்க்கரையைக் கரைசலில் போட வேண்டும். பூஜைக்கு ஏற்றும் சூடம் வேறு; அதை உணவில் சேர்க்கவே கூடாது, அது விஷம். குழந்தைகள் அதிகம் வரும் வீடானால் பச்சைக் கற்பூரத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு துளசி இலையே மணத்துக்குப் போதும்.

தென் மாவட்டங்களில் எலுமிச்சைக்குப் பதில் புளியும், வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டியும் போட்டுப் பானக்கரம் கரைப்பார்கள். அதுவும் இந்த முறைக்கு நன்றாகவே பொருந்தும். புளியை மட்டும் தனியாகக் கரைத்து வடிகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சையோ புளியோ சேர்த்த பானத்தை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்திலும், அலுமினியத்திலும் வைக்க வேண்டாம். மோருக்கும் இதே விதிதான். கொலுவின் அழகுக்குப் பித்தளை அண்டா வேண்டுமென்றால் அதில் பூவை மிதக்க விடலாம்.

நீர்மோருக்கு 1 லிட்டர் தயிர். முதல்நாள் இரவு உறை ஊற்றி வெளியில் வைத்த தயிர் அடுத்த நாள் மாலைக்குள் புளித்துவிடும். காலை ஆறு மணிக்கு உறை ஊற்றி, தோய்ந்தவுடன் குளிர்பெட்டிக்குள் வைத்தால் மாலையில் புளிப்பு அளவாக இருக்கும். மோர் பிரிந்து நிற்பதற்குக் காரணம், தயிரில் ஒரேயடியாகத் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கலக்குவது. முதலில் தயிரை மட்டும் மத்தால் கட்டியில்லாமல் கடைந்து, அரை லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கடைய வேண்டும். மிக்சியில் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கொழுப்புள்ள குளிர்ந்த தயிரில் வெண்ணெய் திரண்டு மிதக்கும். விருந்தாளி டம்ளரில் அது நன்றாக இருக்காது.

இஞ்சி 20 கிராம், பச்சை மிளகாய் மூன்று, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் கொத்தமல்லியும், உப்பு 20 கிராம். இவற்றைக் கொரகொரப்பாக இடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, வடிகட்டிச் சாறை மட்டும் மோரில் சேர்க்கவும். பொடியாக நறுக்கி அப்படியே போடுவது பார்க்க அழகு. பேசிக்கொண்டே குடிக்கும் வயதானவர்களுக்கு அதனால் புரையேறும். நின்ற மோரில் மிளகாய்க் காரமும் ஏறிக்கொண்டே போகும். கால் தேக்கரண்டி பெருங்காயம் போதும். இந்தக் கெட்டி மோர் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பத்து டம்ளருக்கு 450 மில்லி எடுத்து 750 மில்லி குளிர்ந்த தண்ணீர் விடவும். தாளிதம் அவ்வப்போது வேண்டாம். ஒரே தடவை கடுகு தாளித்துச் சிறு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கலக்கும்போதும் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் போதும்.

தண்ணீரும் பனிக்கட்டியும் இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான விஷயம். நவராத்திரி வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. மழைக்காலத்துக் குழாய்த் தண்ணீரை நம்பிப் பானம் கலக்கக் கூடாது. முதல்நாளே 6 லிட்டர் காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பனிக்கட்டியும் அதே தண்ணீரில் வீட்டிலேயே உறைய வைத்ததாக இருக்க வேண்டும். மீன், இறைச்சி, பால் வண்டிகளுக்காகத் தயாராகும் பாளங்கள் குடிக்கத் தகுந்தவை அல்ல. அவற்றை அடையாளம் காண நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் உத்தரவிட்டது. வெள்ளையாக இருப்பதாலேயே ஒரு பாளம் சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எப்படியானாலும் பானத்துக்குள் பனிக்கட்டி போடுவதைவிட, அகலமான தொட்டியில் பனிக்கட்டியைப் பரப்பி, பானப் பாத்திரத்தை அதன் நடுவில் உட்கார வைப்பது மேல். உருகும் தண்ணீர் பானத்தில் சேராது, சுவை கடைசிவரை மாறாது. குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால், ருசி பார்ப்பதையும் குளிர்ந்த பிறகே செய்ய வேண்டும்.

மண்பானையில் வைத்தால் தானே குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். சித்திரையில் குளிரும். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. நவராத்திரி சமயத்து மழைக்காற்றில் ஈரம் அதிகம், நீர் எளிதில் ஆவியாகாது. அதோடு மோரையும் வெல்லத்தையும் பானையில் ஊற்றினால் புளிப்பும் இனிப்பும் துளைகளில் ஏறி, பிறகு எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. பானையில் குடிதண்ணீர் மட்டும் வையுங்கள்.

மழை பிடித்துக்கொண்ட மாலையில் யாரும் குளிர்ந்த பானம் கேட்கமாட்டார்கள். அன்றைக்குச் சுக்குமல்லிக் காபி. ஒரு பங்கு சுக்கு, இரண்டு பங்கு கொத்தமல்லி விதை, கொஞ்சம் மிளகு வறுத்துப் பொடித்தது மூன்று மேசைக்கரண்டி, கருப்பட்டி 200 கிராம், தண்ணீர் 2 லிட்டர். கொதித்ததும் வடிகட்டிப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்து, சிறு டம்ளரில் கொடுக்கலாம். பால் சேர்க்க வேண்டாம். கொதிக்கும் கருப்பட்டித் தண்ணீரில் பால் திரிந்துவிடும்.

இனி சுண்டல். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். நாற்பது பேருக்கு 1¼ கிலோ போதும். தேங்காயும் சேர்ந்தால் 2.8 கிலோவுக்குக் குறையாது. எட்டு முதல் பத்து மணி நேரம் ஊற வேண்டும். இரவு ஒன்பதுக்கு ஊறப்போட்டு, காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மாற்றவும். மாற்றாமல் மதியம் வரை விட்டால் நுரைத்துப் புளித்த வாடை வரும். அந்த வாடையை எந்தத் தாளிதமும் மறைக்காது.

கடலை வேகவில்லை என்றால் உப்பை முன்னால் போட்டதுதான் காரணம் என்று சொல்வது வழக்கம். உண்மையான காரணங்கள் வேறு. ஒன்று, கடலை பழையது. இரண்டாவது, ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து தோலை இறுக்கிவிடும். மூன்றாவது, மாங்காய், தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை வேகும்போதே போடுவது. சோடா உப்பு இதற்கு மருந்து ஆகாது. தோல் கழன்று, உள்ளே மாவாகி, வழவழப்பு வாடை வரும். குடிதண்ணீரில் ஊறவைத்து, குடிதண்ணீரிலேயே வேகவையுங்கள். வேகும் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு போட்டால் கடலைக்குள் உப்பு பிடிக்கும். மேலே தூவிய உப்பு தோலோடு நின்றுவிடும்.

குக்கரில் விசில் கணக்கு பெரிய அளவுக்குப் பொருந்தாது. வீங்கி நுரைக்கும் பயறு வகைக்குக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது; நுரை ஏறி ஆவித் துளை அடைத்துக்கொள்ளும். 5 லிட்டர் குக்கரில் இந்தக் கடலையை இரண்டு தடவையாகத்தான் வேகவைக்க வேண்டும். ஒரே தடவையில் திணித்தால், அடியில் உள்ளது குழைவதற்கும் மேலே உள்ளது வேகாமல் நிற்பதற்கும் அதுவே காரணம். குக்கர் நிறைய இருந்தால் முதல் விசில் வருவதற்குள்ளேயே பாதி வெந்திருக்கும். அடுப்பை அணைத்தபின் ஆவி அடங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரையும் வெந்துகொண்டே இருக்கும். சிறிய கொண்டைக்கடலைக்கு முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பிறகு தானாக ஆவி அடங்க விடுவது சரியாக வரும். பட்டாணிக்கு ஒரு விசிலோடு நிறுத்திவிட வேண்டும். பெரிய அளவில் பட்டாணிச் சுண்டல் பெரும்பாலும் கூழாவதால், கூட்டம் அதிகமாக வரும் நாளில் அதைத் தவிர்க்கவே சொல்வோம். ராஜ்மா செய்வதானால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதித்து வேகவேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

பதம் பார்ப்பது இப்படி. ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். தோல் விலகாமல், உள்ளே இரண்டு பருப்பும் மெத்தென்று நசுங்க வேண்டும். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். தோல் தனியே வந்தால் கடந்துவிட்டது. உடனே வடிதட்டில் கொட்டி, அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி விடவும். பளபளவென்று ஈரம் மின்னும் கடலை கால் மணி நேரத்தில் மங்கி உலர்ந்துவரும். அந்த ஈரம் போகாமல் தாளித்தால் சுண்டல் சொதசொதவென்று இருக்கும், சீக்கிரம் ஊசியும் போகும். வடித்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். மறுநாள் ரசத்துக்கு ஆகும்.

தாளிதத்தில் எண்ணெய் 50 மில்லி, கடுகு இரண்டு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் எட்டு. நாலு பேர் குறிப்பைப் பெருக்கினால் வரும் காரத்திலும் பெருங்காயத்திலும் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டலாம், குறைக்க முடியாது. முழுவதையும் ஒன்றாகத் தாளிக்க வேண்டாம். நாலரை மணிக்குப் பாதி, ஆறரை மணிக்கு மீதி. இரண்டாம் பாதிக் கடலை அதுவரை குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

சுண்டலில் முதலில் கெடுவது தேங்காய். ஒரு நடுத்தரத் தேங்காயின் துருவல் நாற்பது பேருக்குப் போதும். அதை மூடிய டப்பாவில் பனிக்கட்டித் தொட்டிக்குள் வைத்து, பத்துப் பேருக்கான சுண்டலை எடுக்கும்போது இரண்டு கைப்பிடி சேர்த்துப் புரட்டவும். மாங்காய்த் துருவலும் அப்படியே. சூடான சுண்டலில் மொத்தத் தேங்காயையும் கொட்டி மூடி வைத்தால் மூன்று மணி நேரத்துக்குமேல் நம்ப முடியாது.

இரண்டாவதாக ஒரு சிற்றுணவு வேண்டுமானால் பாசிப்பருப்புக் கோசுமல்லி. பருப்பு அரைக் கிலோ ஒரு மணி நேரம் ஊறினால் போதும், அடுப்பே தேவையில்லை. வெள்ளரிக்காயில் உப்புப் பட்டவுடன் தண்ணீர் விடும் என்பதால் உப்பும் எலுமிச்சையும் பரிமாறும் நேரத்தில். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டை நைவேத்தியத்துக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள். பாகு பதத்தைப் பார்த்துக்கொண்டே வாசலையும் பார்க்க முடியாது. வேர்க்கடலை சேர்த்த எதையும் கொடுக்கும்முன் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஒவ்வாமை உள்ள குழந்தைகள் வரலாம்.

பரிமாறுவதற்குத் தொன்னை. மந்தாரை இலைத் தொன்னையோ பாக்குமட்டைக் கிண்ணமோ எதுவானாலும் மழைக்காலத்தில் கட்டுக்குள் பூஞ்சை பிடித்திருக்கும். முதல்நாளே பிரித்துத் துடைத்து வெயிலில் காட்டவும். பிளாஸ்டிக் டம்ளரும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தமிழகத்தில் 1.1.2019 முதல் தடை செய்யப்பட்டவை. எவர்சில்வர் டம்ளர் இருபத்தைந்து இருந்தால் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லையே. ஆனால் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கக் கூடாது. ஓடும் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவ ஒருவர் தனியாக வேண்டும். அவரே கலக்குகிற வேலையையும் பார்த்தால் இரண்டும் கெடும்.

வீட்டுக்கு எடுத்துப்போகக் கட்டித் தரும் சுண்டலைச் சூட்டோடு மூட வேண்டாம். ஆவி வியர்த்து, வீடு போய்ச் சேர்வதற்குள் வாடை வந்துவிடும். ஆறவிட்டு, தேங்காய் சேர்க்காததை வாழை இலையில் மடித்துக் கொடுங்கள். நாளிதழ்த் தாளில் நேராகச் சுற்றக் கூடாது. அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. மீந்த வெல்லக் கரைசல் குளிர்பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். கெட்டி மோரை மறுநாள் மோர்க்குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் கலந்து மேசையில் நின்ற சுண்டலை மட்டும் அன்றிரவே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் கொலுவுக்கு எடுத்து வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
விசேஷச் சமையல் வேலை செய்வோர் சிலர்,
கும்பகோணம்.